ஷேக் மைதீன் கட்டிய முடிச்சு

கம்பத்தில் பாய்மரப் படகு வைத்திருந்த ஒரே ஆள் என் சிநேகிதன் ஷேக் மைதீன்தான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. மூன்று பக்கமும் மலை, நடுவில் திராட்சையும் வாழையும் தென்னையும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்குப் படகு எதற்கடா என்று நாற்பது வருஷமாக அவனிடம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அவன் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை, சிரித்து மழுப்பிவிடுவான். போன ஆடியிலிருந்து நானும் கேட்பதில்லை.

என் பெயர் தங்கபாண்டி. மெயின் ரோட்டில் கயிறு, சங்கிலி, ஆணி, பெயிண்ட் விற்கிற கடை என்னுடையது. பக்கத்துக் கடை அவனுடையது. லாரிக்கும் ஏலக்காய்க் களத்துக்கும் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கிற கடை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அவனுக்கு வரவே வராது. அதனால்தான் எங்கள் சிநேகிதம் இத்தனை வருஷம் ஓடியது என்று என் மனைவி சொர்ணலதா சொல்வாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் வகுப்பில் எங்களைத் தேக்கடிக்குக் கூட்டிப்போனார்கள். நாங்கள் எல்லோரும் யானை தெரிகிறதா என்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஷேக் மைதீன் மட்டும் படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்து, தண்ணீர் பிளந்து மூடுவதையே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கச் சொன்னபோது இறங்கவில்லை. வாத்தியார் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் கரை சேர்த்தார். அந்த வாரமே நாலு வாழைமரத்தைச் சேர்த்து மூங்கில் குச்சியால் கோத்து, அவன் அம்மாவின் வெள்ளைத் துப்பட்டியைப் பாயாகக் கட்டி வாய்க்காலில் விட்டான். தெப்பம் அரை பர்லாங் போனது. துப்பட்டி முள்ளில் கிழிந்தது. அவன் அத்தா, அதாவது அவன் அப்பா, அவனை அடித்த அடி எங்கள் தெருவுக்கே கேட்டது.

இருபது வயதில் துபாய் போனான். அவனோடு போன பையன்கள் சூப்பர் மார்க்கெட்டிலும் ஓட்டலிலும் சேர்ந்தார்கள். இவனுக்கு மட்டும் படகுக்குப் பாய் தைக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. கொடுத்து வைத்தவன் என்றுதான் நினைத்தேன். பதினொரு வருஷம் அங்கே இருந்தான். வெள்ளிக்கிழமை லீவில் எல்லோரும் தூங்கும்போது இவன் கடலில் கிடந்தான். வெள்ளைக்காரர்களுக்குப் படகில் ஆள் தேவைப்பட்டால் சம்பளம் இல்லாமலே போய் நின்றான். ஊர் திரும்பியபோது மற்றவர்கள் பெட்டி பெட்டியாய்ச் சாமான் கொண்டுவந்தார்கள். இவன் கொண்டுவந்தது ஆள் உயரத்துக்கு ஒரு நீளப் பை. உள்ளே பழைய பாய் ஒன்று, தடித்த ஊசிகள், உள்ளங்கையில் மாட்டித் தைக்கிற தோல்பட்டை. அவன் அத்தா இறந்துபோனதால் திரும்பியவன், அத்தாவின் தார்ப்பாய்க் கடையில் உட்கார்ந்தான். ரஃபியாவைக் கட்டினான். பிள்ளைகள் இல்லை.

படகை அவன் கட்டியது ஆறு வருஷத்துக்கு முன்னால். கடைக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில், கொச்சியிலிருந்து வரவழைத்த பிளைவுட்டில், இரண்டு வருஷம் இழைத்து இழைத்துக் கட்டினான். பதினாலு அடி நீளம். ரெசின் வாடையில் எனக்குத் தினம் தலைவலி. படகுக்கு ரஃபியா பெயரை எழுதப் போனபோது அவள் சொன்னாள்:

"எம்பேர எழுதிக் கொண்டுபோயி தண்ணியில முக்காதீக. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதனால் பெயர் எழுதாமலே விட்டான்.

ஓட்டியது ஊருக்குத் தெற்கே இருக்கிற கண்மாயில். அங்கே பரிசல் போட்டு மீன் பிடிக்கிற அம்மாவாசி, வலை கிழியும் என்று முதலில் சண்டைக்கு வந்தான். மேற்குப் பக்கம் மட்டும் ஓட்டுவதாகப் பேசி முடித்தார்கள். அணைத் தண்ணீர் திறந்து கண்மாய் நிறைவதும், கூடலூர்ப் பக்கமிருந்து காற்று கிளம்புவதும் ஒரே சமயத்தில் நடக்கும். ஆனியும் ஆடியும் வாழை வைத்தவன் எல்லாம் வானத்தைப் பார்த்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பான். இவன் ஒருத்தன்தான் காற்று வருகிறது, காற்று வருகிறது என்று கல்யாண வீட்டுக்காரன் மாதிரி சுற்றிக்கொண்டிருப்பான்.

ஒரே ஒரு தடவை என்னையும் ஏற்றினான். இன்ஜின் இல்லை, துடுப்பு இல்லை, படகு அது பாட்டுக்குப் போனது. நான் பயந்துதான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அந்தப் பத்து நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை அவனிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாயை இழுத்துப் பிடிக்கிற கயிற்றை என் கையில் கொடுத்து அவன் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

"பாண்டி, இதக் கையிலேயே வச்சிரு. எங்கனயும் கட்டிராத. காத்து ஓங்கி அடிச்சா விட்டுரணும். விட்டா படகு நிமிந்துக்கிரும். கட்டிப் போட்டா கவுத்திரும்."

கடையில் அவன் வேலை இதற்கு நேர் எதிர். லாரியில் லோடு ஏற்றித் தார்ப்பாய் போர்த்தி, கொக்கியில் கயிறு மாட்டி ஒரு முடிச்சுப் போடுவான் பாருங்கள், இழுக்க இழுக்க இறுகும். குமுளி மலையில் ஏறி இறங்கிக் கோட்டயம் போய்ச் சேரும்வரை அவிழாது. கம்பத்து டிரைவர்களில் பாதிப் பேருக்கு அந்த முடிச்சைச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். ஒரு கையால் டீ குடித்துக்கொண்டே மறு கையால் போடுவான், கண்ணால் பார்க்க மாட்டான். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை இருபது வருஷமாகப் போட்டவன்.

அவன் தம்பி ஷானவாஸ், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் வைத்திருந்தான். அவனுக்குப் படகில் ஆசை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தனியாகப் போக வேண்டாமே என்று கூட வருவான். முன்பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு எதையாவது பேசிச் சிரிக்க வைப்பான். அவன் மனைவி லத்திபாவுக்கு இது பிடிக்காது. வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருக்கிறார், அதையும் தண்ணீரில் கழிக்கிறார் என்று அவளுக்கு ஆத்திரம். நியாயமான ஆத்திரம்தான்.

போன ஆடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஷானவாஸ் தன் மகள்கள் இரண்டு பேருக்கும் ஷூ வாங்கத் தேனிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தானாம். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லிவிட்டுக் கண்மாய்க்குக் கிளம்பியிருக்கிறான். வாசல்வரை வந்து லத்திபா கத்தினாளாம்:

"போங்க. அந்தப் படகுலயே குடியிருங்க. இங்கன வராதீக."

இது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நான் பார்த்ததை இப்போது சொல்கிறேன்.

நான் கரையில் புங்கமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தேன். படகு கண்மாயின் மேற்குப் பக்கம், கரையிலிருந்து தள்ளி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஷேக் மைதீனுக்குப் போன் வந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தான். குனிந்து மறு கையால் ஏதோ செய்தான். போனில் யாரென்று பின்னால் சொன்னான். செக்போஸ்ட்டில் நின்ற ஒரு வாழைக்காய் லோடு டிரைவர். "தார்ப்பாயில கயிறு மாட்டுற கண்ணு பிஞ்சிருச்சுண்ணே, எப்படிக் கட்டுறது" என்று கேட்டிருக்கிறான். இவன் எப்படிக் கட்டுவது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, இவன் கையும் கட்டிக்கொண்டிருந்தது. பாய்க்கயிற்றை, படகுக்குள் இருந்த கட்டையில், லாரி முடிச்சாக.

எதிர்க்கரைத் தென்னை ஓலைகள் ஒரேயடியாகப் புரண்டதைப் பார்த்து நான் எழுந்து கத்தினேன். தண்ணீரைக் கருக்க வைத்துக்கொண்டே ஒரு காற்று ஓடிவந்தது. கயிற்றை விட்டிருந்தால் ஒன்றுமில்லை. விட முடியவில்லை. படகு சாய்ந்தது, பாய் தண்ணீரில் படுத்தது. ஒரு தலைதான் மேலே வந்தது.

ஷானவாஸுக்கு அண்ணனைவிட நன்றாக நீச்சல் தெரியும். ஆனால் அவன் கால், பாயின் அடியில் இருக்கிற கட்டைக்கும் படகுக்கும் நடுவே ஓடுகிற கயிற்றில் சிக்கிக்கொண்டது. மேலே பாய் மூடிக்கிடந்தது. கயிறு தளர்ந்தால் கால் வெளியே வந்திருக்கும். ஷேக் மைதீன் முங்கி முங்கிப் போய் அந்த முடிச்சை விரலால் பிடுங்கினான், பல்லால் கடித்தான். நனைந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை. அவன் கட்டியது எப்போது அவிழ்ந்திருக்கிறது? நான் ஓடிப்போய் அம்மாவாசியின் பரிசலில் ஏறினேன். அம்மாவாசி வலைக் கத்தியால் கயிற்றை அறுத்தபோது எத்தனை நிமிஷம் ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அதிகம் ஆகியிருந்தது.

கட்டையில் மிச்சமிருந்த முடிச்சை நான் பார்த்தேன். நான் கயிறு விற்கிறவன். யார் போட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஷேக் மைதீனும் நான் பார்த்ததைப் பார்த்தான்.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் வாயைத் திறந்தான். அதற்குள் நான்தான் சொன்னேன்:

"காத்து கவுத்திருச்சு."

போலீஸும் அதைத்தான் எழுதிக்கொண்டது. ஊரும் அதைத்தான் பேசியது. இதில் என் பங்கு அது. அவனைக் காப்பாற்றுவதாக அந்த நிமிஷம் நினைத்தேன். யோசித்துச் செய்ததல்ல, வாயில் வந்துவிட்டது.

மறுநாள் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. லத்திபா இத்தா இருக்க ஆரம்பித்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருப்பாள், வேற்று ஆண்கள் முன்னால் வர மாட்டாள். புருஷனின் அண்ணனும் அதில் அடக்கம். வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் ஷேக் மைதீன் வாங்கி ரஃபியாவிடம் கொடுத்தனுப்பினான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான், கூட்டிவந்தான். சின்னவளுக்கு ஏழு வயது, பெரியவளுக்குப் பதினொன்று. ஷூவும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.

படகைக் கடைக்குப் பின்னால் கொண்டுவந்து குப்புறப் போட்டுத் தார்ப்பாயால் மூடினான். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. லாரிக்காரர்கள் வந்தால் தார்ப்பாயை அளந்து தைத்துக் கொடுப்பான், கட்ட மாட்டான். "நீயே கட்டிக்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவான். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். ஆடிக் காற்றுக்கு நீ என்ன செய்வாய், அல்லா எழுதியது அவ்வளவுதான் என்றார்கள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காற்று என்று முதலில் சொன்னவனே நான்தான் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்வேன்.

ஐப்பசியில் ஒரு நாள் ரஃபியா என் கடைக்கு வந்தாள். அவள் கடைக்கெல்லாம் வருகிறவள் இல்லை.

"அண்ணே, லத்திபா ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குறா. ராவும் பகலும் ஒரே சொல்லுத்தான் சொல்றா. என் வாய்தான் அவுகளக் கொன்னுச்சு, இங்கன வராதீகன்னு நாந்தான் சொன்னேன், அல்லா அதக் கேட்டுட்டான்னு சொல்றா. நான் என்ன சொல்லியும் கேக்கல. ஒடம்பு கரஞ்சு போச்சுண்ணே."

ரஃபியாவுக்கு முடிச்சு விஷயம் தெரியாது. அவள் போனதும் நான் பக்கத்துக் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினேன். கேட்டதைச் சொன்னேன். அவன் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குக் கோபம் வந்தது.

"ஏலே, அவ தப்பே பண்ணாம சாகுறா. ரஃபியாகிட்ட உண்மையச் சொல்லி அனுப்பு, இன்னைக்கே சொல்லி அனுப்பு."

"பொண்டாட்டி வாயில சொல்லி அனுப்புற விஷயமாடா இது? நாந்தான் அவ முன்னாடி நின்னு சொல்லணும். இத்தா முடியட்டும்."

"இத்தா முடியட்டும், இத்தா முடியட்டும்னு அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இருக்கியா?"

இல்லை என்று அவன் சொல்லவில்லை. "ஆமாடா, பயமா இருக்கு" என்றான். அவன் அழுததை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். தம்பி அடக்கத்தின்போதுகூட அவன் அழவில்லை.

அப்புறம் ஐந்து வாரம் காத்திருந்தோம். அந்த ஐந்து வாரமும் நான் அவனை விடவில்லை. தினம் கேட்டேன். சொல்வாயா என்று கேட்டேன், எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று அவ்வளவு உறுதியாக நம்பினேன். அவன் சொல்வதற்குப் பயந்தானே தவிர, அதை அவனும் நம்பினான்.

இத்தா முடிந்து நாலாம் நாள், மத்தியானம் இரண்டு மணிக்குப் போனோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ரஃபியாவும் கூட இருந்தாள். லத்திபா தலையில் முக்காடு போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரஃபியா சொன்னது பொய்யில்லை, ஆளே பாதியாகியிருந்தாள். எங்களுக்கு டீ வைக்க எழுந்தவளை ஷேக் மைதீன் உட்காரச் சொன்னான். அவன் உட்காரவில்லை.

எதையும் மறைக்காமல் சொன்னான். போன் வந்தது, கயிற்றைக் கட்டியது, என்ன முடிச்சு, ஏன் அவிழவில்லை, ஷானவாஸ் கால் எங்கே சிக்கியது, எல்லாம் சொன்னான். கடைசியில், "காத்து இல்ல லத்திபா. நீ சொன்ன சொல்லும் இல்ல. என் கைதான்" என்றான். ரஃபியாவும் அப்போதுதான் அதைக் கேட்டாள்.

லத்திபா கேட்டாள்.

"தண்ணிக்குள்ள எம்புட்டு நேரம் உசுரோட இருந்தாக?"

"தெரியலம்மா. மொதல்ல ரெண்டு தடவ என் கையப் புடிச்சான். அப்புறம் புடிக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களும் அந்த முடிச்சப் பாத்தீகளா?"

"பாத்தேம்மா."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான்."

பிறகு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவளுக்கு ஆறுதல் சொல்கிற நினைப்பில், "இனிமே நீ உன்னையே திட்டிக்காதம்மா, உம்மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லத்தான் வந்தோம்" என்றேன். லத்திபா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் வாய்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேண்ணே. அது எனக்குள்ளயே கெடந்துச்சு. தொழுதேன், அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். யாரையும் வெறுக்காம இருந்தேன். இப்ப வந்து இவுகன்னு சொல்லிட்டீக."

ஷேக் மைதீன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ரெண்டும் பொட்டப் பிள்ளைக மச்சான். அதுகளுக்கு அத்தா இல்ல, கூடப் பொறந்தவனும் இல்ல. நாளைக்கு நிக்காஹ்னு வந்தா அவுக அத்தா எடத்துல உக்காந்து கையெழுத்துப் போடப் போறது நீங்கதான். பள்ளிக்கூடத்துக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போறீக. இந்த வீட்டுப் படி ஏறாதீகன்னு சொல்ல எனக்கு வழி இருக்கா? சொல்லுங்க மச்சான், வழி இருக்கா?"

அவன் முகமெல்லாம் கண்ணீரும் சளியுமாக இருந்தது, துடைக்கக்கூட இல்லை. லத்திபா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய், கொடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்துவந்து அவன் கையில் படாமல் நாற்காலியின் மேல் வைத்தாள்.

"பிள்ளைகளக் கூட்டிட்டு வரப் போகணும்ல. பெரியத்தா வந்துட்டாகன்னு ஓடிவந்து மேல விழுவாளுக. ஏன் அழுதீகன்னு கேப்பாளுக. மூஞ்சியக் கழுவிட்டுப் போங்க."

அவன் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்குப் போய் முகத்தைக் கழுவினான்.